பழைய செயின்சாவில் கம்ப்ரஷன் குறைந்தபோது

செகண்ட் ஹேண்டில் வாங்கிய செயின்சா, சூடானால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் கைப்பிடியில் தொங்கவிட்டால் மிஷின் தடுக்கித் தடுக்கி இறங்க வேண்டும். இது சர்ரென்று இறங்கியது; கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், குறைவு என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டி, திராட்டிலை முழுதாகத் திறந்து கயிற்றை இழுத்தால் 90 பிஎஸ்ஐ (அழுத்த அளவு). 150-ஐ ஒட்டி இருந்தால்தான் நிம்மதி. பிளக் ஓட்டையில் சில சொட்டு ஆயில் விட்டதும் 125-க்கு ஏறியது. ஆயில் இடுக்கை அடைத்ததால்தான் ஏறியது. அப்போ கசிவு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கம்தான்.

சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தேன். எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் பிஸ்டனில் நெடுக்காகக் கோடுகள். ரிங் கரியில் ஒட்டிக் கிடந்தது. சிலிண்டர் சுவரைத் தடவினால் நகம் மாட்டவில்லை, ஆழமான கீறல் இல்லை, நல்லவேளை! ஒட்டியிருந்த அலுமினியத்தை மட்டும் நைஸ் எமரித் தாளால் எடுத்துவிட்டு, புது பிஸ்டன், ரிங் போட்டேன். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். அப்புறம், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் ஒரு விரிசல். அதில் காற்று புகுந்தால், ஆயில் கலந்த பெட்ரோல் போதாமல் புது பிஸ்டனும் உரசும். அதையும் மாற்றித்தான் மூடினேன்.