விடியலில் பறவை பார்க்க உட்காருகிறவர்கள் கால்களுக்குச் செய்யும் தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் இராமநாதபுரம் பக்கம் பறவை பார்க்கப் புது ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். தனுஷ்கோடியில் பூநாரை (ஃபிளமிங்கோ), சக்கரக்கோட்டைக் கண்மாயிலும் தேர்த்தங்கலிலும் கூழைக்கடா (பெலிகன்). தலைக்குக் குல்லா, கழுத்துக்கு மப்ளர், கேமராவுக்கு உறை எல்லாம் இருக்கும். இடுப்புக்குக் கீழே மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் எங்கள் குழு செய்ததையே இவர்களும் அச்சு மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்வெட்டர், டார்ச் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

"இந்த ஊரில் என்ன குளிர்?" என்று நினைப்பது

இந்தக் கடற்கரையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்தான். ஆனால் நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் உண்டாக்கும் சூடு, அசையாமல் உட்கார்ந்ததும் குறைந்துவிடும். மேலே வாடைக்காற்று, கீழே ஈரம். இரண்டு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போக இது போதும்.

நனைந்த ஜீன்ஸோடு உட்காருவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. போன தையில் மதுரையிலிருந்து ஒரு தம்பி எங்களோடு தனுஷ்கோடிக்கு வந்தான். போகிற வழியில் முழங்கால் வரை கடல்நீர் தேங்கிக் கிடந்தது. வேட்டியோ அரைக்கால் சட்டையோ கட்டிக்கொண்டு இறங்கச் சொன்னோம். "பரவாயில்லண்ணே, காஞ்சிடும்" என்று ஜீன்ஸோடு இறங்கிவிட்டான்.

காயாது. கடல்நீர் பட்ட துணி, குளத்து நீர் பட்ட துணியைப் போல் உலராது. நூலுக்குள் தங்கும் உப்பு, விடியற்காலைக் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஜீன்ஸ் கனத்த பருத்தி வேறு. உடம்புச் சூட்டை நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தும். துணியில் வாடை பட்டு ஈரம் ஆவியாகும்போது அதுவும் காலின் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகும்.

கொஞ்ச நேரத்தில் தம்பிக்குத் தொடை நடுங்கியது, அப்புறம் முக்காலியும் ஆடியது. பொறுக்க முடியாமல் எழுந்து காலைத் தரையில் உதைத்தான். பூநாரைகள் தலையைத் தூக்கின, நீரில் ஓடி மொத்தமாக எழும்பிப் போய்விட்டன. அன்று அவை திரும்பவில்லை.

படம் போனதில் எனக்கு வருத்தமில்லை. தலைகீழாக அலகை நீரில் விட்டு வடிகட்டித் தின்னும் பறவை அது. அந்த இரையை விட்டுவிட்டு, நீரில் ஓடி உந்தித்தான் எழும்ப வேண்டும். ஒவ்வொரு தடவை கலைக்கும்போதும் அதன் தீனியும் தெம்பும் போகிறது. 2025-ல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்ததே அவை கலவரமில்லாமல் மேய்வதற்குத்தானே.

செய்ய வேண்டியது சின்ன வேலை. வனத்துறை அனுமதிக்கும் வழியில் மட்டும் போங்கள். நீர் கடக்க வேண்டியிருந்தால் கைலியை மடித்துக் கட்டி, செருப்போடு, பாதத்தைத் தேய்த்தபடி நடங்கள். மணலுக்குள் திருக்கை கிடந்தால் அதுவே விலகிப் போகும். கரையேறியதும் நல்ல தண்ணீர் ஒரு பாட்டில் ஊற்றி உப்பைக் கழுவுங்கள். விரலிடுக்கு வரை துண்டால் துடைத்துவிட்டு, பைக்குள் பாலித்தீன் உறையில் வைத்திருந்த உலர்ந்த கால்சட்டையும் கம்பளிக் காலுறையும் போடுங்கள். மடிமேல் ஒரு போர்வை. அவ்வளவுதான். இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் சோம்பல்படுகிறார்கள்.

இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ்

சூடு தருவது துணிக்குள் அடங்கிய காற்று. இறுக்கினால் காற்றும் இல்லை, இரத்த ஓட்டமும் குறைவு. ஒன்று போதும். விரல்களை அசைக்க இடம் இருக்கட்டும்.

வெறுந்தரையில் உட்காருவது

ஈர மணலும் சிமெண்டும் பின்தொடையிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மீன் பெட்டியின் உடைந்த தெர்மாகோல் மூடி ஒன்றைச் சாக்குக்குள் போட்டு அதன்மேல் உட்காருங்கள். கரையில் கேட்டால் கிடைக்கும். திரும்பும்போது மறக்காமல் எடுத்து வந்துவிடுங்கள், அது நொறுங்கிக் கடலுக்குள் போகக் கூடாது. முக்காலியின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தினாலும் கால் மரத்துவிடும். உயரம் குறைந்த இருக்கையாக எடுங்கள்.

கண்மாய்க் கருவேல மரத்தில் ஏறி உட்காருவது

வேண்டாம். அங்கே கூடு இருக்கிறது.

தீ மூட்டுவது

கூடவே கூடாது.

மரத்த காலோடு சட்டென்று எழுவது

கணுக்கால் பிசகுவது இப்படித்தான். எழுவதற்குக் கொஞ்சம் முன்பே, போர்வைக்குள் குதிகாலை ஏற்றி இறக்குங்கள். கெண்டைச் சதை இயங்கி இரத்தம் ஓட ஆரம்பித்துச் சுருசுருவென்ற உணர்வு அடங்கியதும், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருங்கள்.