மஞ்சளாகித் தடித்த கால் நகம்: வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன செய்யலாம்?

பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்தால் உடனே ‘நகச்சொத்தை’ என்று ஆயின்ட்மென்ட் வாங்கிவிடுகிறோம். ஆனால் இப்படிப்பட்ட நகங்களில் ஏறக்குறைய பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். பல வருடம் ஷூ இடித்தது, சொரியாசிஸ், காலில் ரத்த ஓட்டக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றுக்குப் பூஞ்சை மருந்து பயன்படாது.

1. முதலில் பாருங்கள். நகத்துக்கு அடியில் மாவு போல உதிர்கிறதா? விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா? இருந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமானால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. சர்க்கரை நோயோ பாதத்தில் மரத்துப்போதலோ இருந்தால் வீட்டில் ஊறவைக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். சின்னக் கீறலே ஆறாத புண்ணாகிவிடலாம்.

3. மற்றவர்களுக்கு: வெதுவெதுப்பான நீரில் 10–15 நிமிடம். சூட்டை முழங்கையால் பாருங்கள். விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு, ஓரத்திலிருந்து துளித்துளியாக, நேராக வெட்டுங்கள். ஒரே கடியில் வெட்டினால் நகம் பிளக்கும். மூலையைத் தோண்டினால் சதைக்குள் வளரும். மேற்பரப்பை அரத்தால் தேய்த்து மெலிசாக்குங்கள். கல் மாதிரி இருந்தால் மருத்துவரைக் கேட்டு 40% யூரியா களிம்பை நகத்தின் மேல் மட்டும் இரவில் தடவி மூடி வைக்கலாம்.

4. மாத்திரைக்கு முன் கேஓஎச் (KOH) பரிசோதனை, அதாவது நகத்தூளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பூஞ்சை உண்டா என்று அறிவது. வெட்டிப்போட்ட நுனி போதாது. உள்ளே, நல்ல நகம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் சுரண்டிய தூள்தான் வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே பூஞ்சைக்கான களிம்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம்.

5. நகத்தின் வேர் பாதிக்கப்படாமல், பாதிக்கும் குறைவாகக் கெட்டிருந்தால் நகத்தின் மேல் பூசும் பூஞ்சை மருந்தான 5% அமோரோல்ஃபின், வாரம் ஒன்றிரண்டு முறை. அதற்கு மேல் போனால் மருத்துவர் பெரும்பாலும் தருவது டெர்பினாஃபின் 250 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். முன்னதாகக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை அவசியம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இன்னொரு பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் ஆகாது.

பலரும் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். மாத்திரை தீர்ந்தும் நகம் மஞ்சளாகவே இருக்கும். கால் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மி.மீ.தான் வளரும், முழுசாக மாற 12 முதல் 18 மாதம். கெட்ட நகம் நிறம் மாறாது, தள்ளிக்கொண்டு வெளியேதான் போகும். ஆகவே நுனியைப் பார்க்காதீர்கள். அடியில், சதையோரம், தெளிவான நகம் மெல்லிய பட்டையாகத் தெரிகிறதா என்று மாதம் ஒரு போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். சேற்றுப்புண்ணையும் சேர்த்துக் குணப்படுத்துங்கள். பூஞ்சை திரும்ப வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். நகவெட்டி பாதிக்கப்பட்டவருக்கென்று தனியாக இருக்கட்டும்.