செத்த மீனின் மூளையில் தெரிந்த சிவப்புப் புள்ளி

மூளை ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் ஒரு சால்மன் மீனை, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர் என்ன மனநிலையில் இருக்கிறார்?' என்று கேட்டார்கள். மீன் ஏற்கெனவே செத்துப்போனது. ஆனாலும் 'இந்த இடம் வேலை செய்கிறது' என்று காட்டும் சிவப்புப் புள்ளி அதன் மூளைப்பகுதியில் தெரிந்தது! 2009-இல் இதை ஒரு மாநாட்டில் வைத்தார்கள். சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் 2012-இல் கிடைத்தது.

கூத்து இல்லை, கணக்குதான். ஸ்கேன் படத்தை வாக்ஸெல் என்னும் குட்டிக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்கிறார்கள். மீனில் 8,064 கட்டங்கள். ஆயிரத்தில் ஒன்று தற்செயலாக 'வேலை செய்கிறது' என்று தேறலாம் என்று விட்டால், சும்மாவே எட்டு தேறும். இங்கே 16 தேறின. இத்தனை முறை சோதித்ததற்கான திருத்தத்தைப் போட்டதும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. திருத்தம் போடாத படத்தை நம்புவதுதான் முதல் தவறு.

அடுத்த தவறு கண்ணுக்கு எளிதில் படாது. எந்த இடம் நன்றாக 'எரிகிறது' என்று பார்த்துப் பொறுக்கிவிட்டு, அதே தரவை வைத்தே 'இந்த இடத்துக்கும் ஆளின் குணத்துக்கும் தொடர்பு எவ்வளவு பலம் பாருங்கள்' என்பது. டியூஷன் சென்டர்காரர் அரையாண்டுத் தேர்வில் முதல் பத்து இடம் பிடித்தவர்களை மட்டும் எடுத்து, அதே தேர்வின் சராசரியைப் போர்டில் எழுதுகிற வேலை இது. முழுஆண்டுத் தேர்வு மார்க்கைக் கேளுங்கள், சாயம் வெளுக்கும். இதைத் தெரியாமல் செய்தவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. 2016-இல் ஆய்வாளர்கள் எக்லுண்ட், நட்ஸன் இருவருடன் புள்ளியியலாளர் தாமஸ் நிக்கோல்ஸ் சேர்ந்து, ஸ்கேன் தரவை அலசப் புழக்கத்தில் இருந்த மூன்று மென்பொருள்களைச் சோதித்தார். 5 சதவீதம் இருக்கவேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு, சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. ஒரு கட்டத்தை 'எரிகிறது' என்று முதலில் சேர்த்துக்கொள்ளும் தொடக்க வரம்பைத் தளர்த்தி வைத்த இடங்களில்தான் நிலைமை மோசம்.

அப்புறம், ஆள் எண்ணிக்கை. இருபது முப்பது பேரை ஸ்கேன் செய்துவிட்டு 'இந்தக் குணத்துக்கு மூளையில் இந்த இடம்' என்று எழுதினால் நம்பாதீர்கள். அந்த மாதிரித் தொடர்புகளுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022-இல் பெரிய தரவுகளை வைத்தே காட்டிவிட்டார்கள்.

புள்ளியியலாளரைக் கடைசியில் கூப்பிடுவதால்தான் இத்தனையும். எத்தனை பேர், எந்த வரம்பு, எந்த ஒப்பீடு என்பதெல்லாம் முதல் ஆளை ஸ்கேனரில் படுக்க வைக்கும் முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்தார்கள்; எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை, சில கேள்விகளுக்கு விடையும் ஒத்துவரவில்லை.