முற்றிய வெண்டைக்காயும் பழைய பனியனும்: குழந்தைகளே போடும் காய்கறி அச்சு

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்த்து, ஒடியாததை ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். இந்த வேலைக்கு ஒதுக்கிவிட்ட அந்தக் காய்தான் வேண்டும். முற்றிய காய் விறைப்பாக இருப்பதால் குழந்தை எவ்வளவு அழுத்தினாலும் நசுங்காது. குறுக்கே வெட்டி, வண்ணத்தில் ஒற்றி, துணியில் வைத்து எடுத்தால் பெரும்பாலும் ஐந்து இதழ்ப் பூ விழும். நான்கு வயதுக் குழந்தைக்கும் இது கைவந்துவிடும்.

இதற்கென்று பெட்டி போட்டு விற்கும் கைவினைத் தொகுப்புகளை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பெட்டிக்குள் இருப்பதில் வண்ணத்தைத் தவிர மற்றதெல்லாம் உங்கள் சமையலறையிலேயே கிடக்கிறது.

தேவையானவை

ஸ்டேஷனரி கடையிலோ ஃபேன்சி ஸ்டோரிலோ ஃபேப்ரிக் பெயின்ட் என்று கேளுங்கள். சின்னப் புட்டிகளாகக் கிடைக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் இருந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா எல்லாம் தட்டிலேயே கலந்துவிடலாம். பள்ளிக்கு வாங்கிய வாட்டர்கலர் உதவாது. முதல் சலவையிலேயே போய்விடும். இவை போக, பாத்திரம் தேய்க்காத புது ஸ்பாஞ்ச் ஒன்று, பழைய தட்டுகள், தடித்த அட்டை, செய்தித்தாள், ஈரத்துணி. காய்களில் வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, பாகற்காய், குடைமிளகாய் என்று வீட்டில் எது இருக்கிறதோ அது.

துணி பருத்தியாக இருக்க வேண்டும். விளையாட்டு ஜெர்சி போன்ற பாலியெஸ்டர் துணியில் வண்ணம் சரியாகப் பிடிக்காது; பிறகு இஸ்திரி போடும்போது துணியும் சுருங்கிப் பாழாகும். வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது. கருநீலத்திலும் கறுப்பிலும் சாதாரண வண்ணம் அமுங்கிப்போகும். புதுச் சட்டை எடுக்கவே வேண்டாம். மாம்பழக் கறையோ குழம்புக் கறையோ பட்டு, வெளியே போட முடியாமல் அலமாரியில் கிடக்கும் பனியனை எடுங்கள். கறை மேல் பூ விழுந்துவிட்டால் அங்கே கறை இருந்ததே தெரியாது.

முதலில் துணி

பழைய துணியோ புதியதோ, ஒருமுறை சோப்புப் போட்டு அலசிக் காயவையுங்கள். கஞ்சியும் வேண்டாம், வாசனைத் திரவமும் வேண்டாம். புதுத் துணியில் ஆலையிலேயே ஏற்றிய பசை இருக்கும். அது இருக்கும்வரை வண்ணம் நூலுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே ஊறிவிட்டால் துணி தயார். முத்தாக உருண்டு நின்றால் இன்னொரு முறை அலசுங்கள்.

காய்ந்த பனியனுக்குள் அட்டையை நுழைத்து, சுருக்கமில்லாமல் இழுத்து விடுங்கள். அட்டை இல்லாவிட்டால் முன்பக்கத்து வண்ணம் முதுகுப் பக்கத்துக்கும் ஊறிவிடும்.

அச்சு வெட்டுதல்

கத்தி பெரியவர்கள் கையில்தான். வெண்டைக்காயைக் காம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரே வெட்டாக வெட்டுங்கள். அறுத்தால் முகம் மேடும் பள்ளமுமாகி, பாதிப் பூதான் விழும். காம்புப் பகுதியை அப்படியே விட்டுவிட்டால் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடைக்கும். வெட்டிய முகத்தில் கொழகொழப்பு இருக்கும். துணியால் ஒற்றிவிட்டு அரை மணி நேரம் காற்றாட வையுங்கள்.

பாகற்காயின் குறுக்குவெட்டு ஓரமெல்லாம் நெளிந்த வட்டமாக விழும். அதைச் சூரியன் என்றும் சிங்கத்தின் பிடரி என்றும் குழந்தைகளே பெயர் வைத்துவிடுவார்கள். குடைமிளகாயில் மூன்று நான்கு மடல் கொண்ட இலை கிடைக்கும். வாழை மட்டையை வெட்டிப் பாருங்கள்: உள்ளே கட்டம் கட்டமாக அறைகள். நான் பார்த்த அச்சுகளில் அதற்குத்தான் அழகு அதிகம். வாழைக்கறை துணியில் பட்டால் லேசில் போகாது என்பதால், சாறு நன்றாக வடிந்து காய்ந்த பிறகே அதைத் தொடுங்கள்.

உருளைக்கிழங்கு கொஞ்சம் வேலை வாங்கும். இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் குழந்தை பேனாவால் மீனோ நட்சத்திரமோ வரையட்டும். கோட்டுக்கு வெளியே இருப்பதை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீங்கள் செதுக்கி எடுத்துவிடுங்கள். கிழங்கிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதைச் செய்தித்தாளில் ஒற்றி எடுக்காவிட்டால் வண்ணம் நீர்த்துப்போகும்.

பெயரின் முதல் எழுத்து வேண்டும் என்று கேட்காத குழந்தை இல்லை. அச்சில் எழுத்து இடவலம் மாறி விழும் என்பதால் கிழங்கில் அதைத் திருப்பித்தான் செதுக்க வேண்டும். மெல்லிய தாளில் எழுதி, தாளைப் பின்புறம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் திரும்பிய வடிவம் தெரியும். அதைப் பார்த்து வரையுங்கள். ‘ப’ என்றால் இந்தத் தொல்லை இல்லை, இடவலம் மாறினாலும் ஒன்றுதான். ஆய்த எழுத்துக்கோ பென்சிலின் பின்புற ரப்பரை மூன்று முறை ஒற்றினாலே போதும்.

அச்சிடுதல்

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். காயை வண்ணத்துக்குள் நேரே முக்கினால், இதழ்களுக்கு நடுவிலுள்ள பள்ளமெல்லாம் நிறைந்து, பூவுக்குப் பதில் ஒரு பொட்டுதான் விழும். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து தட்டில் வையுங்கள். அதன் மேல் அரை டீஸ்பூன் வண்ணம் விட்டுப் பரப்புங்கள். காயை அந்த ஸ்பாஞ்சில் இரண்டு முறை தட்டினால் தேவையான அளவு ஒட்டிக்கொள்ளும். வண்ணத்தில் தண்ணீர் கலக்காதீர்கள். துணியில் கசிந்து ஓரம் கலங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு காய், ஒரு தட்டு.

முதலில் செய்தித்தாளில் நாலைந்து முறை போட்டுப் பார்க்கட்டும். பிறகு துணியில் நேராக வைத்து, மூன்று எண்ணும்வரை அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். தேய்க்கவோ திருகவோ கூடாது. கழுத்துப் பக்கம் தொடங்கிக் கீழே வந்தால் ஈரத்தில் கை படாது.

எந்த இடத்தில் எந்தப் பூ என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். வரிசையாக வேண்டும், இடைவெளி சமமாக வேண்டும் என்ற ஆசை நமக்குத்தான். நான்கு பூவும் ஒரே மூலையில் குவிந்தாலும் இருக்கட்டும். தவறிச் சொட்டிய வண்ணத்தை உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்துவிட்டால் அது சட்டையோடுதான் இருக்கும். தரைக்கும் குழந்தை போட்டிருக்கும் உடைக்கும் இதே கதிதான் என்பதால், வீணானாலும் பரவாயில்லை என்கிற உடையைப் போட்டு உட்காரவையுங்கள்.

காயவைத்து இஸ்திரி போடுதல்

அட்டையை எடுக்காமல் ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். மறுநாள் பனியனை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, பெட்டியைப் பருத்திக்கான சூட்டில் வைத்து, அச்சு விழுந்த இடத்தின் பின்பக்கத்தில் நகர்த்திக்கொண்டே மூன்று நான்கு நிமிடம் இஸ்திரி போடுங்கள். நீராவி வேண்டாம். இந்தச் சூட்டில்தான் வண்ணம் நூலோடு இறுகும். இதை விட்டுவிட்டால் பூ சலவைக்குச் சலவை வெளுக்கும்.

மூன்று நாள் கழித்துப் போடலாம், துவைக்கலாம். பச்சைத் தண்ணீரில், உட்புறம் திருப்பிக் கையால் அலசினால் போதும். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், கல்லில் அடிக்காதீர்கள். வண்ணம் பட்ட காய்த் துண்டுகளை வெட்டிப்போட்ட மற்ற காய்களோடு கலந்துவிடாமல் அப்போதே குப்பையில் போட்டுவிடுங்கள். மிச்சப் புட்டிகளை இறுக மூடி வைத்தால் அடுத்த விடுமுறைக்குத் தலையணை உறைகளுக்கு ஆகும்.