வயர்லெஸ் பாட்டு வேண்டுமா? முதலில் ரௌட்டரைப் பாருங்கள்

சொந்தத்தில் யார் ஸ்பீக்கர் வாங்கினாலும் கடைசியில் போன் எனக்குத்தான் வரும். “மாமா, பாட்டு நின்னு நின்னு வருது, கொஞ்சம் வந்து பாருங்களேன்.” போய்ப் பார்த்தால் ஸ்பீக்கரில் ஒரு குறையும் இருக்காது. ரௌட்டர் பாம் ஷெல்டருக்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

சிங்கப்பூரில் 1990களின் பிற்பாதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அந்த அறை இருக்கிறது. தடித்த கான்கிரீட் சுவர், உள்ளே நெருக்கமாகக் கம்பி, வெளியே எஃகுக் கதவு. குண்டையே தடுக்கக் கட்டிய சுவர் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா? ஆகவே முதல் வேலை, ரௌட்டரை வெளியே எடுத்து ஹாலில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் வைப்பது. வயர் தெரிகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். தட்டையான லேன் கேபிள் கிடைக்கிறது, சுவரோரமாக ஒட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாது.

“ஒரு கிகாபிட் பிளான் போட்டிருக்கேனே, அப்புறமும் ஏன் நிற்குது?” என்று கேட்பார்கள். ஸ்பாட்டிஃபையின் ‘வெரி ஹை’ தரத்துப் பாட்டுக்கே நொடிக்கு 320 கிலோபிட்தான் வேண்டும். சிடி தரம் என்றாலும் ஏறத்தாழ 1,411 கிலோபிட். ஒரு கிகாபிட் என்பது பத்து லட்சம் கிலோபிட், அதில் இது ஒரு மூலைக்குக் காணாது. பிளானைப் பெரிதாக்கிப் பயனில்லை, சிக்னல் ஸ்பீக்கர் வரை போய்ச் சேர வேண்டும்.

அடுத்த தொல்லை, ஒரே வீட்டில் இரண்டு வைஃபை. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, நாமே வாங்கிய மெஷ் (பல பெட்டிகளால் வீடு முழுக்க வைஃபை பரப்புவது) ஒன்று. போன் ஒன்றில், ஸ்பீக்கர் மற்றொன்றில். ஆப்பில் எத்தனை முறை தேடினாலும் ஸ்பீக்கர் தெரியாது. மெஷ்ஷை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ நிலைக்கு, அதாவது சொந்த நெட்வொர்க் போடாமல் முதல் பெட்டியின் நெட்வொர்க்கையே பரப்பும்படி மாற்றுங்கள், அல்லது முதல் பெட்டியின் வைஃபையை நிறுத்துங்கள். விருந்தாளிகளுக்கான கெஸ்ட் நெட்வொர்க்கிலும் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். அதிலிருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். ஐபோன் என்றால் அந்த ஆப்புக்கு ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று செட்டிங்ஸில் பாருங்கள். முதலில் கேட்டபோது யோசிக்காமல் ‘வேண்டாம்’ அழுத்தியவர்கள் நிறையப் பேர்.

சில ஸ்பீக்கர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். அது சுவரைத் தாண்டும், ஆனால் புளோக்கில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாருடைய வைஃபையும் அங்கேதான் மோதிக்கொள்கிறது. சேனல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று உரசாதவை. போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு, எது காலியோ அதற்கு மாற்றுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்கும் ஸ்பீக்கர் ரௌட்டருக்கு அருகில் இருந்தால் இந்தத் தொல்லையே வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? புளூடூத் மட்டும் உள்ள ஸ்பீக்கர் கையில் தூக்கிப்போக நல்லது, வீட்டுக்குப் போதாது. போனை எடுத்துக்கொண்டு குப்பை போடப் போனால் பாட்டு அறுந்துவிடும். அழைப்பு வந்தாலும் பாட்டு நின்றுவிடும். வைஃபை ஸ்பீக்கரில் ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் வழியாகப் போட்டால் ஸ்பீக்கரே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட். ஆப்பிளின் ஏர்பிளே அப்படியல்ல, பெரும்பாலும் போன் வழியாகத்தான் பாட்டு போகும். வீட்டில் எல்லாரும் ஐபோன் என்றால் ஏர்பிளே 2, ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் காஸ்ட். கலந்திருந்தால் இரண்டும் உள்ளதை வாங்குங்கள். இந்த இரண்டிலும் வெவ்வேறு கம்பெனி ஸ்பீக்கர்களை ஒரே குழுவாகச் சேர்க்கலாம். புளூடூத் ஸ்பீக்கரையும் வைஃபை ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தால் ஒன்று பின்தங்கி, கிணற்றுக்குள் பாடுவதுபோல் எதிரொலிக்கும்.

அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் பின்னால் சிவப்பு வெள்ளை ஓட்டை இருந்தால் வைஃபையில் பாட்டை எடுத்துக் கொடுக்கும் சிறிய ஸ்ட்ரீமர் பெட்டி ஒன்றைச் செருகிவிடலாம். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கரோசெல் விற்பனை ஆப்பில் பழையதும் வரும். அடாப்டரில் சேஃப்டி மார்க் (சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் காலையில் ஒலி 96.8 வானொலி ஓடினால் போதும், மீலிசன் ஆப்பிலிருந்து அந்தப் பழைய ஆம்ப்பில்தான் ஓடுகிறது.

இனி வெளியே. சிக்லாப்பில் மச்சானுக்குத் தரைவீடு, கார் நிறுத்துமிடத்தில் பாட்டு வேண்டும் என்றார். வெளியிலேயே வைக்கும் வைஃபை ஸ்பீக்கர் வாங்கலாமா என்று கேட்டார், நான் வேண்டாம் என்றேன். அதற்கும் கரண்ட் வயர் போக வேண்டும், ரேடியோவும் மின்சுற்றும் மழையிலும் வெக்கையிலும் கிடக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் ஆம்ப்பை ஹாலில் வைத்து, கூரையோரத்தில் சாதாரண வெளிப்புற ஸ்பீக்கர் இரண்டை மாட்டி, நடுவில் 16 கேஜ் ஸ்பீக்கர் வயர் ஓட்டினோம். ரொம்ப தூரம் என்றால் அதைவிடத் தடித்த 14 கேஜ் போடுங்கள்.

வயருக்குச் சுவரில் துளையிடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி சாய்த்துப் போடுங்கள். வெளியே வயரைத் துளைக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே கொண்டுபோங்கள். மழைத்தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், வயரோடு வழிந்து வீட்டுக்குள் வராது. கடற்காற்று படுகிற இடம் என்பதால் திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ். இரண்டு ஸ்பீக்கரிலும் கூட்டல் கழித்தல் முனைகள் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் மாறினாலும் பேஸ் (அடித்தொனி) காணாமல் போகும், ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள் இடி இடிக்கிறது. இடி தொடங்கும் முன்பே ஆம்ப் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கம் நல்லது.

வீவக வீட்டில் வெளிப்புறம் என்றால் பால்கனி. அதற்குக் கையடக்க ஸ்பீக்கரே போதும். தண்ணீர், தூசியை எவ்வளவு தாங்கும் என்பதை ‘ஐபி’ எண் சொல்லும்: ஐபிஎக்ஸ்4 சாரலைத் தாங்கும், ஐபி67 தூசியை உள்ளே விடாது, ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். வெயிலைப் பற்றி அந்த எண்கள் ஒன்றும் சொல்லவில்லை, பேட்டரியை மதிய வெயிலில் விடாதீர்கள். கைப்பிடிச் சுவர்மேல் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். கீழே விழுந்தால் யார் தலையோ?

வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபெல் குறையும். அதற்காக ஒரே ஸ்பீக்கரை அலறவிடுவதைவிட, உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டை மெதுவாக ஓட்டுங்கள். ஸ்பீக்கரின் முகம் கீழே, நம் வீட்டைப் பார்த்து இருக்கட்டும். இரவு 10.30 முதல் காலை 7 வரை அமைதி நேரம். சில ஆப்களில் ஒலியளவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி உண்டு, வெளிப்புற ஸ்பீக்கருக்கு அதை வைத்துவிடுங்கள். மச்சான் வீட்டில் ஆப்பின் ஒலியளவு 60-ஐத் தாண்டாதபடி வைத்திருக்கிறேன். தீபாவளிக்குக் கூட்டிக் கேட்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.