ஜப்பானில் மருத்துவராக: ஜப்பானிய மொழி மருத்துவத் திறன் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் ஜப்பானில் மருத்துவராக வேலை செய்ய வேண்டுமென்றால், அந்நாட்டின் மருத்துவத் தேசியத் தேர்வில் தேற வேண்டும். ஆனால் அந்தத் தேர்வை எழுதவே முதலில் தகுதி வாங்க வேண்டும். தகுதி தருவது ஜப்பானின் சுகாதார, தொழிலாளர், நலத்துறை அமைச்சகம். நேரடியாகத் தேசியத் தேர்வுக்குப் போகும் வழியில், சான்றிதழ் பரிசீலனை முடிந்தவர்களை அழைத்து, ஜப்பானிய மொழியிலேயே நோயாளியைப் பார்க்கத் தெரிகிறதா என்று சோதிக்கிறார்கள். இந்தச் சோதனையின் பெயர் 'நிஹோங்கோ ஷின்ரியோ நோரியொகு சோஸா', அதாவது ஜப்பானிய மொழி மருத்துவத் திறன் தேர்வு. கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது, நோயாளியைத் தொட்டுப் பரிசோதிப்பது எல்லாமே இதில் அடக்கம். இந்தப் பதிவு அதற்குத் தயாராவது பற்றித்தான்.

படி 1: காகிதங்கள்

பட்டம், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், பாடநேரக் கணக்கு, உங்கள் நாட்டு மருத்துவப் பதிவு, இவற்றின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு எல்லாம் வேண்டும். பாடநேரக் கணக்கைக் கல்லூரியிடமிருந்து வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் மொழிப் படிப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கேட்டு வையுங்கள். படிப்பின் கால அளவையும் பாடநேரத்தையும் பார்த்து, உங்களை நேரடி வழியில் விடுவதா, முன்தேர்வு எழுதச் சொல்வதா என்று அமைச்சகமே முடிவு செய்யும். முன்தேர்வு வழி இன்னும் நீளமானது.

படி 2: என்1

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வின் உச்ச நிலையான என்1 கட்டாயம். மொத்தம் 180 மதிப்பெண். தேற 100 வேண்டும், மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 19 எடுக்க வேண்டும். ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடக்கும். சென்னையும் ஒரு தேர்வு மையம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். என்1 தேர்வில் பேச்சு கிடையாது, கையால் எழுதும் வேலையும் கிடையாது. மருத்துவத் திறன் தேர்வோ பெரும்பாலும் அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. என்1 கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். வாயையும் கையையும் பழக்குவது தனி வேலை. அதற்கு ஒரு வருடமாவது ஒதுக்குங்கள் என்பேன்.

படி 3: இரட்டைச் சொல் நோட்டு

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் நோயாளி சொல்லும் சொல், வலப்பக்கம் மருத்துவர்கள் எழுதும் சொல். வீக்கத்தை நோயாளி 'முகுமி' என்பார், நோய்க்குறிப்பில் 'ஃபுஷு'. மூச்சுத் திணறல் அவருக்கு 'இகிகுருஷீ', உங்கள் குறிப்பில் 'கொக்யூ கொன்னன்'. மேல்வயிற்றுக் குழியை அவர் 'மிஸோஓச்சி' என்பார். நீங்கள் 'ஷின்காபு' என்று எழுதுவீர்கள். மலம் கழிப்பதைப் பற்றிக் கேட்கும்போது 'ஓட்ஸூஜி' என்றால் மரியாதையாக இருக்கும். நோயாளியிடம் 'ஃபுஷு' என்றால் விழிப்பார். தேர்வாளரிடம் 'முகுமி' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் மருத்துவ மொழி வரவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

வலிக்குத் தனிப் பக்கம் வேண்டும். தலை விண்விண்ணென்று தெறித்தால் 'ஸுகிஸுகி'. வயிறு கூர்மையாக முறுக்கிப் பிடித்தால் 'கிரிகிரி', விடாமல் மெல்ல நொந்தால் 'ஷிகுஷிகு'. சுருக் சுருக்கென்று குத்தினால் 'சிகுசிகு', தோல் எரிந்தால் 'ஹிரிஹிரி'. இரட்டைக்கிளவியோடு வளர்ந்த நமக்கு இது சீக்கிரம் பிடிபடும். பாடப்புத்தகத்தில் இதை ஓரமாகத்தான் வைத்திருப்பார்கள், ஆனால் நோயாளி வாயைத் திறந்ததும் முதலில் வருவது இதுதான்.

படி 4: நோயாளியிடம் பேசுவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரே நோயாளியை முதலிலிருந்து கடைசிவரை எடுத்துப் பார்ப்போம். அறுபதுகளில் இருக்கும் ஆண், மேல்வயிற்று வலி.

உங்களை அறிமுகம் செய்துகொண்டு, அவருடைய முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் கேளுங்கள். 'ஷோவா 33' என்பார். ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரை வைத்து ஆண்டைச் சொல்வார்கள். ஷோவாவுக்கு 1925, ஹெய்ஸேய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018 கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். இவர் பிறந்தது 1958. அடுத்து 'க்யோ வா தோ ஸரேமஷ்தா கா', அதாவது இன்று என்ன தொந்தரவு என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கே போகாதீர்கள். 'மிஸோஓச்சி கிரிகிரி வலிக்கிறது' என்கிறார். எப்போதிலிருந்து, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா, முதுகுக்குப் பரவுகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று வரிசையாகக் கேளுங்கள்.

மருந்து பற்றிக் கேட்கும்போது 'ஓகுஸுரி தெச்சோ' இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். ஜப்பானில் நோயாளிகள் கையோடு வைத்திருக்கும் மருந்துக் குறிப்பேடு அது. முழங்கால் வலிக்கு இவர் தினமும் 'இதமிடொமே', அதாவது வலி மாத்திரை, சாப்பிடுகிறார் என்பது இங்கேதான் வெளியே வரும். மது பற்றிக் கேட்டால் 'தினம் 2 கோ' என்பார். ஒரு கோ 180 மில்லி, அரிசி மதுவில் ஏறக்குறைய 22 கிராம் ஆல்கஹால். கடைசியில், வேறு ஏதாவது கவலை உண்டா என்று கேட்டு முடியுங்கள்.

பரிசோதனையில் ஒவ்வொரு அசைவையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மல்லாக்கப் படுக்கச் சொல்லி, 'ஹிஸா ஓ ததேதே குதஸாய்' என்று முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். வலித்தால் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கண்ணால் பார்த்து, ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு, பிறகு தட்டி, அழுத்துங்கள். வலிக்கும் இடத்துக்குக் கடைசியில் வாருங்கள். கறுப்பு மலம், வலி மாத்திரை இரண்டாலும் இரத்தப்போக்கு சந்தேகம் இருப்பதால் கீழ் இமையை விலக்கி வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். செய்யத் தெரிந்தும் பேசாமல் செய்தால், உங்கள் மொழித்திறனைத் தேர்வாளர் எதை வைத்து எடைபோடுவார்?

மருத்துவம் தெரியாத ஜப்பானிய நண்பர் ஒருவரை நோயாளியாக உட்காரவைத்துப் பழகுங்கள். மருத்துவர் நண்பர் உங்கள் அரைகுறைக் கேள்வியையும் புரிந்துகொண்டுவிடுவார், அது பயிற்சிக்குக் கெடுதல். போனில் பதிவு செய்து திரும்பக் கேளுங்கள். ஜப்பானிய மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்கான மதிப்பீட்டுக் குறிப்புகளை, அதை நடத்தும் 'காட்டோ' அமைப்பு வெளியிட்டிருக்கிறது. அதை வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

படி 5: நோய்க்குறிப்பும் வாய்மொழி அறிக்கையும்

நோயாளி சொன்னது, நீங்கள் கண்டது, உங்கள் கணிப்பு, திட்டம் என்ற வரிசையில் கையால் எழுதிப் பழகுங்கள். கணினியில் தட்டியே பழகிய கைக்குக் 'காஞ்சி', அதாவது சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்து, வராது. நம் நோயாளிக்கு எழுத வேண்டிய 'காயோ', அதாவது புண், என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளுக்கும் சேர்த்து 29 கோடுகள்! முக்கிய உறுப்புகள், அறிகுறிகள், அடிக்கடி வரும் நோய்கள் இவற்றின் எழுத்துகளைப் பார்க்காமல் எழுத வர வேண்டும்.

நடைக்கு நல்ல மாதிரி, தேசியத் தேர்வின் பழைய வினாக்கள். அமைச்சகத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. 'ரொகுஜூநனஸாய் நோ தன்ஸேய். ஷின்காபுத்ஸூ ஓ ஷுஸோ நி ரைஇன் ஷிதா' என்று, வயது, பால், முக்கியத் தொந்தரவு, வருகை எல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். தினம் ஒன்றைப் பார்த்து எழுதுங்கள், பிறகு மூடிவைத்துவிட்டு வாயால் சொல்லுங்கள். மிஸோஓச்சி ஷின்காபுவாகவும், கறுப்பு மலம் 'கொகுஷொகுபென்'னாகவும் தானாக மாறும்வரை விடாதீர்கள்.

படி 6: தேசியத் தேர்வையும் கூடவே

இதில் தேறினாலும் தேசியத் தேர்வு மிச்சமிருக்கிறது. பிப்ரவரியில் இரண்டு நாள், 400 வினாக்கள், அனைத்தும் ஜப்பானிய மொழியில். அதில் 'ஹிஷ்ஷூ' எனப்படும் கட்டாயப் பகுதியில் 80 விழுக்காடு எடுக்காவிட்டால், மற்ற பகுதிகளில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. அந்தப் பகுதியில் நோயாளியிடம் பேசும் முறை, அடிப்படைப் பரிசோதனை பற்றிய வினாக்களும் வரும். மேலே சொன்ன பழைய வினாக்களை இந்தக் கட்டாயப் பகுதியிலிருந்தே எடுத்துத் தொடங்கினால் இரண்டு தேர்வுக்கும் ஒன்றாகப் படித்தாகிவிடும்.