படுக்கையில் புரண்டால் தலைசுற்றலா?

காலையில் கட்டிலில் வலப்பக்கம் புரண்டாலே அம்மாவுக்கு அறையே சுழலும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். காது மருத்துவர் சொன்ன காரணம் வேறு: உள்காதின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து தலை அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. அவற்றைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடுவதுதான் எப்ளி முறை.

எந்தக் காது என்று மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். முதல் தடவை அவர் முன்னாலேயே செய்யுங்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

வலது காது என்றால், கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாந்து படுங்கள். தோளுக்கடியில் தலையணை இருந்தால் தலை சற்றுப் பின்னால் சாயும். இப்போதுதான் நன்றாகச் சுற்றும், கருவிழிகூடத் துடிக்கும். பயப்படாதீர்கள், சுற்றல் நிற்கும்வரை, குறைந்தது 30 நொடி, அப்படியே இருங்கள். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்பி இன்னொரு 30 நொடி. அப்புறம் உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, முகம் தரையைப் பார்க்க அரை நிமிடம். பிறகு அந்தப் பக்கமாகவே மெல்ல எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ளட்டும்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் மரத்தல் இவற்றோடு சுற்றினால் எப்ளி வேண்டாம், உடனே 108ஐ அழையுங்கள்.